மனித ஓநாய்க் கதைகளைக் கூடி வாசிப்பது எப்படி

சாகி என்ற புனைபெயரில் எழுதிய ஹெக்டர் ஹியூ மன்றோவின் ஓநாய்க் கதைகளை எங்கள் பக்கத்தில், மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ, ஒரு பத்துப் பேர் கூடி ஒரு பின்னேரத்தில் எப்படி வாசிக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாசகர் வட்டம் வைத்திருப்பவர்கள், ஏ.எல். பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிற ரீச்சர்மார், கதை எழுதிப் பழகுகிற இளசுகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்றவர்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கதைகளின் முடிவெல்லாம் இதற்குள் வருகிறது. ஆகவே வாசிக்காதவர்கள் முதலில் 'கபிரியேல் ஏர்னஸ்ட்' கதையையாவது வாசித்துவிட்டு வாருங்கள், இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சமெல்லாம் அதில் இருந்துதான் வருகிறது. இந்தக் கதைகளில் ஓநாய் ஒருபோதும் பொய் சொல்வதில்லை. ஆபத்து இருக்கிறது என்று தெரிந்த மனிதர்கள்தான் வாய் திறக்காமல் இருக்கிறார்கள், அதுவும் கெட்ட எண்ணத்தில் இல்லை, சொன்னால் சனம் என்ன நினைக்கும் என்ற கூச்சத்தில். சாகியின் சமூகக் கிண்டல் முழுக்க அந்தக் கூச்சத்தில்தான் இருக்கிறது. ஓநாயையே பார்த்துக்கொண்டிருந்தால் பேய்க்கதை மட்டும்தான் கிடைக்கும். யார் எதை எப்போது தெரிந்துகொண்டார், யாரிடம் சொல்லாமல் விட்டார் என்று பார்த்தால், நூறு வருசத்துக்கு முந்திய இங்கிலாந்துக் கதை எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்துவிடும்.

என்ன தேவை

மூன்று கதைகள் போதும். 'கபிரியேல் ஏர்னஸ்ட்' 1909 இல் வெஸ்ட்மின்ஸ்டர் கசெட் பத்திரிகையில் வந்து, அடுத்த வருசம் தொகுப்பில் சேர்ந்தது. 'பெண் ஓநாய்' 1914 இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. 'செர்னோகிராட்ஸ் ஓநாய்கள்' அவர் இறந்த பிறகு, 1919 இல் வெளிவந்த தொகுப்பில் இருக்கிறது. மன்றோ 1916 இல் இறந்துவிட்டதால் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, புரொஜெக்ட் குட்டன்பேர்க் என்ற இணையத்தளத்தில் மூன்றும் இலவசமாகக் கிடைக்கும். ஃபோனில் பார்த்து வாசிக்கலாம் என்றாலும் முதல் கதையை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்துக் கையில் கொடுங்கள். பென்சிலால் கோடு போட வேண்டி வரும்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவர் ஒரு பந்தியை ஆங்கிலத்தில் வாசிக்க, இன்னொருவர் அதையே தன் பேச்சில் சொல்லிக்கொண்டு போகட்டும். சுத்தமான மொழிபெயர்ப்பு செய்யப் பாடுபட வேண்டாம், கதை சொல்வது போலச் சொன்னால் சரி. சாகியின் வசனங்கள் நீளமானவை, ஆனால் சுருக்குப் போட்டதுபோல முடிவில் ஒரு சொல்லில் இறுகும். சொல்பவர் அந்தக் கடைசிச் சொல்லைக் கடைசியிலேயே வைக்கப் பழகினால் பாதி வேலை முடிந்துவிடும்.

நேரம்: பின்னேரம் நாலரைக்குத் தொடங்குங்கள். முதல் கதையின் முடிவு சூரியன் மறைகிற நேரத்தில் நடக்கிறது, எங்களுக்கும் ஆறு மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். கல்லடிப் பக்கம் வாவியைப் பார்த்தபடி இருக்க ஓர் இடம் கிடைத்தால், படுவான்கரைப் பக்கம் சூரியன் இறங்குவது கண்ணுக்கு முன்னே தெரியும், கதையும் தன்பாட்டில் அந்த நேரத்துக்கு வந்து சேரும். இதைச் செய்துதான் ஆக வேண்டும் என்று இல்லை, ஆனால் நேரத்தோடு ஓடுகிற கதை என்பதால் கேட்பவர்களுக்கு நன்றாகப் பிடிபடும்.

இன்னொன்றும் உண்டு, இதை லேசாக எடுக்க வேண்டாம். முதல் கதையில் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் காணாமல் போன பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள். 2004 கடல்கோளில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். லண்டனில் இருந்து வாசிக்கிறவர் சிரித்துக்கொண்டு தாண்டிப்போகிற ஒரு வரி இங்கே ஒருவரின் நெஞ்சில் குத்தலாம். கூட்டத்துக்கு அழைக்கும்போதே கதையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வரவில்லை என்பவரை ஏன் என்று கேட்காதீர்கள். அதோடு யாராவது நடுவில் எழுந்து போக வேண்டி வந்தால் வசதியாக இருக்கிற மாதிரிக் கதிரைகளைப் போடுங்கள்.

முன்னுரையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

தொடக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். ஏழாம் எட்வர்ட் 1901 முதல் 1910 வரை ஆண்டார், ஆனால் முதலாம் உலகப் போர் தொடங்கிய 1914 வரைக்குமான காலத்தையே எட்வர்டியன் காலம் என்று பலர் சொல்வார்கள். நிலம் வைத்திருந்த குடும்பங்கள் கிராமத்துப் பெரிய வீடுகளில் விருந்தாளிகளை வரவழைத்து, வார இறுதியில் பேசிச் சாப்பிட்டு, ஏழைகளுக்குத் தர்மம் செய்து வாழ்ந்த காலம். அதே நேரத்தில்தான் அரசாங்கமும் ஏழைகள் பக்கம் திரும்பத் தொடங்கியது, 1908 இல் பிள்ளைகளைப் பாதுகாக்க ஒரு சட்டமும் முதியோருக்கு ஓய்வூதியம் கொடுக்க ஒரு சட்டமும் வந்தன. இவ்வளவும் போதும். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓநாய் அழிந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள். இலங்கையில் ஓநாயே கிடையாது, எங்களிடம் இருப்பது நரி. ஆக எழுதியவரின் ஊரிலும் இல்லாத, எங்கள் ஊரிலும் இல்லாத ஒரு மிருகத்தைப் பற்றித்தான் வாசிக்கப் போகிறோம்.

எழுத்தாளரின் வாழ்க்கையைத் தொடக்கத்தில் சொல்லாதீர்கள். அவருடைய மாமிமாரைப் பற்றித் தெரிந்துவிட்டால் கதையில் வருகிற மாமியை எல்லோரும் வில்லியாகவே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதல் கதை: எங்கே நிறுத்த வேண்டும்

'கபிரியேல் ஏர்னஸ்ட்' கதைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஓவியர் கனிங்ஹாம் ஸ்டேசனுக்குப் போகும் வழியில், உன் காட்டில் ஒரு கொடிய மிருகம் இருக்கிறது என்று வான் சீலிடம் சொல்வதோடு கதை தொடங்குகிறது. வழி முழுக்க கனிங்ஹாம் பேசியது அவ்வளவுதான், வான் சீல் ஓயாமல் பேசிக்கொண்டு வந்ததால் மற்றவர் பேசாமல் இருந்தது தெரியவில்லை என்கிறார் சாகி. இங்கேயே முதல் தடவை நிறுத்துங்கள். ஒருவன் தெரிந்ததைச் சொல்கிறான், மற்றவனுக்குக் கேட்கப் பொறுமை இல்லை. வான் சீல் தன்னை இயற்கை ஆய்வாளர் என்று நினைத்துக்கொள்கிறவர், வாசிப்பறையில் பஞ்சு அடைத்த ஒரு கொக்கினப் பறவை வைத்திருக்கிறார், நிறையக் காட்டுப் பூக்களின் பெயர் தெரியும், அதை வைத்து அவருடைய மாமி அவரைப் பெரிய ஆய்வாளர் என்கிறார். இந்த இடத்தில் யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும், தனக்குத் தெரியும் என்ற எண்ணம் எப்படி ஒருவரின் காதை அடைக்கிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு தொடருங்கள்.

பிறகு காட்டுக்குள் குளத்தோரப் பாறையில் உடுப்பில்லாமல் வெயில் காய்கிற, பதினாறு வயது மதிக்கத்தக்க பொடியன். என்ன சாப்பிடுகிறாய் என்று வான் சீல் கேட்கிறார். முயல், காட்டுப் பறவை, பண்ணைக் கோழி, பருவத்துக்கு ஆட்டுக்குட்டி, கிடைத்தால் பிள்ளைகள் என்று பொடியன் வரிசையாகச் சொல்கிறான். பிள்ளை இறைச்சி சாப்பிட்டு இரண்டு மாதம் ஆகிறது என்கிறான். ஆலைக்காரரின் குழந்தை காணாமல் போனதும் இரண்டு மாதத்துக்கு முன்னர்தான். அதை ஆலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது.

பொடியனின் குரலைச் சொல்பவருக்கு ஒரு முக்கியமான ஆலோசனை. உறுமாதீர்கள், கண்ணை உருட்டாதீர்கள். எங்கள் ஊரில் கூத்து ஆடிப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வடமோடி அரசன் வரவுக்குத் தயாரான குரல் அவர்களுக்குத் தானாகவே வந்துவிடும். இந்தப் பொடியனுக்கு அந்தக் குரல் பொருந்தாது. கடையில் என்ன மரக்கறி இருக்கிறது என்று கேட்டால் கடைக்காரப் பிள்ளை பதில் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்ல வேண்டும். முழுக் கதையிலும் நடந்ததை நடந்தபடி சொல்கிற ஒரே ஆள் அவன்தான். அது சாதாரணமாக ஒலித்தால்தான், கேட்டவர் ஏன் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டார் என்ற கேள்வி எழும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வான் சீல் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருக்கிறார். ஓநாயைக் கண்டவன் மாதிரி ஏன் வாயடைத்துப்போய் இருக்கிறாய் என்று மாமி கேட்கிறார். ஓநாயைக் கண்டால் குரல் போய்விடும் என்பது ஐரோப்பாவில் ஒரு பழைய நம்பிக்கை, வான் சீலுக்கு அது தெரியாது. இது என்ன மடத்தனமான பேச்சு, என் காணியில் ஓநாயைக் கண்டிருந்தால் நான் ஓயாமல் அதைப் பற்றியே பேசியிருப்பேனே என்று நினைக்கிறார். இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள். அவர் கண்டது ஓநாயைத்தான். வாயடைத்துப்போனதும் அதனால்தான். தனக்கே அது தெரியவில்லை. கதையின் சாவி இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். பென்சிலால் கோடு போடச் சொன்னது இதற்குத்தான்.

அடுத்த நாள் காலையில் பொடியன் அதே கோலத்தில் வீட்டு முன்னறை இருக்கையில் வந்து படுத்திருக்கிறான். மாமி வந்துவிடுவார் என்று வான் சீல் பதறுகிறார், கையில் கிடைத்த மோர்னிங் போஸ்ட் பத்திரிகையை விரித்து அவனை மூடப் பார்க்கிறார். சாகி அதே மோர்னிங் போஸ்ட்டின் நிருபராக பால்கன் நாடுகள், வார்சா, ரஷ்யா, பாரிஸ் என்று பல வருசம் வேலை செய்தவர். தன் சொந்தப் பத்திரிகையையே ஓர் உண்மையை மூடி மறைக்கிற துணியாக ஆக்கியிருக்கிறார். மாமியோ நினைவு தப்பி வழி தவறிவந்த ஏழைப் பிள்ளை என்று கேட்டதும் உருகிப்போகிறார். வேலைக்காரப் பையன் ஒருவன் இருக்கிற குருமனைக்கு ஆள் அனுப்பி உடுப்பு வருகிறது, சேட்டும் சப்பாத்தும் கழுத்துப்பட்டியும் போட்டதும் பொடியன் நல்ல பிள்ளையாகத் தெரிகிறான், பிறகு ஒரு பெயரும் கொடுக்கிறார்கள். தேவதூதரின் பெயரான கபிரியேல். மட்டக்களப்பில் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்கத் தேவையில்லை. உடுப்பும் பெயரும் கொடுத்துவிட்டால் ஒருவரை அறிந்துவிட்டோம் என்று நினைக்கிற நல்ல மனசு இது. வீட்டு நாய் மட்டும் பொடியனைக் கண்டதும் ஓட்டம் பிடிக்கிறது.

மாமியைக் கெட்டவராக வாசிக்காதீர்கள் என்று குறிப்பாகச் சொல்கிறேன். அவருடைய அன்பு உண்மையானது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அன்று பின்னேரம் வீட்டில் தேநீர் விருந்து, அந்தச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கபிரியேலையே விடுகிறார். 1814 இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்த காலம் தொட்டு மெதடிஸ்த சபை இருக்கிற ஊர் இது, ஞாயிறு பாடசாலை விருந்து என்றால் என்னவென்று புளியந்தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மேசையில் யார் பரிமாறுவார், யார் நன்றி சொல்ல வேண்டும் என்றும் சொல்வார்கள். அவர்களையே இந்தப் பகுதியைச் சொல்ல விடுங்கள்.

இப்போது கனிங்ஹாம். வான் சீல் ரயிலேறிப் போய், அன்றைக்கு என்ன கண்டாய் என்று அவரிடம் கேட்கிறார். பொழுது மறைகிற நேரம் குன்றில் ஒரு பொடியன் நின்றான், சூரியன் மறைந்ததும் அவன் நின்ற இடத்தில் ஒரு கரிய பெரிய ஓநாய் நின்றது என்கிறார் கனிங்ஹாம். ஏன் அப்போதே சொல்லவில்லை? அவருடைய தாய் மூளை சம்பந்தமான நோயில் இறந்தவர், தானும் நடக்க முடியாத ஒன்றைக் கண்டேன் என்று சொன்னால் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று பயந்திருக்கிறார். இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார் சாகி, நீங்கள் அப்படிப் போய்விடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு மனநோய் இருந்தால் அந்தக் குடும்பத்தின் மற்றவர்கள் கண்டதையும் கேட்டதையும் சொல்லத் தயங்குவது எங்களுக்குப் புதிதா? கலியாணப் பேச்சு வரைக்கும் அது துரத்தும். இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஆட்கள் பேசும் வரை காத்திருங்கள், பெரும்பாலும் பேசுவார்கள்.

தந்தி அடிக்கலாமா என்று யோசித்து வான் சீல் விட்டுவிடுகிறார். கபிரியேல் ஏர்னஸ்ட் ஒரு மனித ஓநாய் என்று தந்தி போனால் மாமி அதை ஏதோ சங்கேத மொழி என்று நினைப்பார். விரைந்து வீடு வருகிறார், மாமி விருந்தில் மிஞ்சிய ஜாமையும் கேக்கையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். இருட்டப் போகிறது, தனியாக அனுப்புவது பாதுகாப்பில்லை என்று ரூப் வீட்டுச் சின்னப் பிள்ளையைக் கபிரியேலோடு அனுப்பியிருக்கிறார், பொழுது சாய்வது எவ்வளவு அழகு என்றும் சொல்கிறார். வான் சீல் ஓடுகிறார். ஓர் அலறல் கேட்கிறது. ஓடுவதை நிறுத்திவிடுகிறார்.

நிறுத்திவிடுகிறார் என்பதோடு சொல்பவரும் நிறுத்தட்டும். விளக்கம் வேண்டாம்.

பிள்ளையும் பொடியனும் பிறகு காணப்படவில்லை. வழியில் பொடியனின் உடுப்புக் கிடந்ததால், தண்ணீரில் விழுந்த பிள்ளையைக் காப்பாற்றக் குதித்து அவனும் போய்விட்டான் என்று முடிவாகிறது. பிள்ளை அலறியதைக் கேட்டதாக வான் சீலும் பக்கத்தில் நின்ற வேலையாட்களும் சாட்சி சொல்கிறார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் தெரிந்ததில் பாதியைத்தான் சொன்னார். தேவாலயத்தில் பித்தளைத் தகடு வைக்கிறார்கள், பிறருக்காக உயிரைக் கொடுத்த, யாரென்று தெரியாத சிறுவன் கபிரியேல் ஏர்னஸ்ட் என்று. மற்ற எல்லாவற்றிலும் மாமிக்கு விட்டுக்கொடுக்கிற வான் சீல் அந்தத் தகட்டுக்கு மட்டும் காசு கொடுக்க மறுத்துவிடுகிறார். அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு.

பேசுவதற்கு இரண்டு கேள்விகள் போதும். ஒன்று அந்தத் தகட்டைப் பற்றியது. எங்கள் கோயில் ரியூப்லைட்டில், பாடசாலைக் கட்டடத்தில், கிணற்றுக் கட்டில் எல்லாம் உபயகாரரின் பெயர் இருக்கிறது, பெயர் போடுவதில் பிழையில்லை. ஆனால் ரூப் பிள்ளையின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பிள்ளையைத் தின்றவனுக்குத் தகடு, தின்னப்பட்ட பிள்ளைக்கு எதுவும் இல்லை. இரண்டாவது கேள்வி கடினமானது. ரூப் அம்மாவுக்கு வேறு பதினொரு பிள்ளைகள் இருந்ததால் அவர் அடக்கமாகத் தேறிக்கொண்டார் என்று சாகி எழுதுகிறார். இது ஏழைத் தாயைக் கேலி செய்கிற வரியா, ஏழைத் தாயின் துக்கத்தை அப்படி எண்ணிப் பார்க்கிற பெரிய வீட்டுக்காரரைக் கேலி செய்கிற வரியா? இரண்டாவது என்றுதான் நான் வாசிக்கிறேன். பக்கத்திலேயே மாமி தன் வளர்ப்புப் பிள்ளைக்காக உண்மையாகத் துக்கப்பட்டார் என்று வருவதால் இரண்டையும் ஒப்பிடத்தான் வைத்திருக்கிறார் என்று படுகிறது. ஆனால் பிள்ளையை இழந்த ஒருவர் கூட்டத்தில் இருந்து, எனக்கு இது பிடிக்கவில்லை என்று சொன்னால் அவரோடு வாதாடப் போகாதீர்கள்.

இரண்டாவது கதை, சுருக்கமாக

'பெண் ஓநாய்' இலகுவானது, பதினைந்து நிமிடப் பேச்சுப் போதும். ரஷ்யப் பயணம் போய்வந்த லெனர்ட் பில்சிட்டர் என்பவர் சைபீரிய மந்திரம் தெரிந்தவர் மாதிரி அரைகுறையாகப் பேசிக்கொண்டு திரிகிறார். பூசணி வகைக் காய் ஒன்றை அவர் புறாவாக மாற்றியதைக் கண்ணால் கண்டேன் என்று அவருடைய உறவுக்காரப் பெண்மணி ஊரெல்லாம் பரப்புகிறார். என்னை ஓநாயாக மாற்று பார்ப்போம் என்று விருந்து வீட்டு அம்மா கேட்க, குறும்புக்காரன் குளோவிஸ் ஒரு பிரபு வளர்க்கிற பழக்கப்பட்ட ஓநாயை இரகசியமாக வரவழைக்கிறான். அம்மா மறைய, ஓநாய் தோன்ற, மந்திரவாதி நடுங்கி ஒடுங்கிப்போகிறார்.

இந்தக் கதையை எங்கள் ஊரில் வாசிக்க ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் எங்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மந்திரத்துக்குப் பேர்போன தூரத்து ஊர் என்ற இடத்தில் லெனர்ட் சைபீரியாவை வைத்த மாதிரி, இலங்கையின் மற்றப் பகுதிகளில் சிலர் எங்களை வைத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சால் யாருக்கு இலாபம், பேசுகிறவர் என்ன மதிப்பைத் தேடிக்கொள்கிறார் என்று கேளுங்கள். உறவுக்காரப் பெண்மணியின் பங்கை விட்டுவிடாதீர்கள், ஒருவரைப் பெரிய ஆளாக்குவது எப்போதும் பக்கத்தில் நின்று சாட்சி சொல்கிறவர்தான்.

மூன்றாவது கதை: குடி

'செர்னோகிராட்ஸ் ஓநாய்கள்' எங்கள் பகுதிக்கே எழுதின மாதிரி. பணக்கார குரூபெல் குடும்பம் பழைய கோட்டை ஒன்றை வாங்கிக் குடியிருக்கிறது. அந்தக் கோட்டைக்கு ஒரு கதை உண்டு, அங்கே யாராவது செத்தால் விலங்குகள் ஊளையிடும் என்று. மாமியார் செத்தபோது எதுவும் ஊளையிடவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்கிறார் சீமாட்டி. அப்போது அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற கிழவி, வழக்கமாக வாயே திறக்காதவர், யார் செத்தாலும் ஊளையிடாது, செர்னோகிராட்ஸ் குடும்பத்தவர் இங்கே செத்தால் மட்டும்தான் ஓநாய்கள் வரும் என்கிறார். தானும் அந்தக் குடும்பம்தான், வேலைக்குப் போக வேண்டி வந்ததால் பெயரை மாற்றிக்கொண்டேன் என்கிறார். சீமாட்டிக்குக் கோபம். கிழவியை வேலையை விட்டு அனுப்ப முடிவெடுக்கிறார், ஆனால் புதுவருசக் கொண்டாட்டம் முடிந்த பிறகு, அதுவரை வேலைக்கு ஆள் வேண்டுமே.

தாய் வழியாகக் குடி, அதாவது குலம், பார்க்கிற, கோயில் திருவிழாவை இன்ன குடிக்கு இன்ன நாள் என்று வகுத்து வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறோம். என்ன குடி என்ற கேள்வி படுவான்கரையில் இன்றும் கேட்கப்படும். ஆக இங்கே இரண்டு பக்கமும் பேச இடம் கொடுங்கள். சீமாட்டியின் பணத்திமிரைக் கண்டு கோபப்படுவது இலகு. அதே கதையில் இரத்தத்தில்தான் பெருமை இருக்கிறது, வாங்கியவருக்கு ஓநாய் ஊளையிடாது என்ற எண்ணமும் இருக்கிறது, சாகி அதற்குத் தலைவணங்குகிறார். எனக்கு அந்தத் தலைவணக்கத்தில் உடன்பாடில்லை. கிழவியின் பக்கம் என் மனம் போவதற்குக் காரணம் அவர் பிரபு குடும்பம் என்பதால் இல்லை, ஒரு வாழ்நாள் முழுக்க இன்னொருவர் வீட்டில் பெயரில்லாமல் இருந்தார் என்பதால். குளிரில் சன்னலைத் திறந்து வைத்து, ஊளை கேட்டபடி அவர் சாகிறார். சீமாட்டி பத்திரிகையில் மரண அறிவித்தல் போடுகிறார், அதில் அவரைப் பழைய பெயரோடு, தங்கள் மதிப்புக்குரிய நீண்ட கால நண்பர் என்று எழுதுகிறார். அன்று வந்த பத்திரிகை ஒன்றைக் கையில் எடுத்து, மரண அறிவித்தல் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்த முடிவை வாசியுங்கள். இன்னாரின் அன்புத் தாய், இன்னாரின் மாமி என்று வருகிற அந்த வரிசையில் வீட்டுவேலைக்கு இருந்த ஒருவரின் பெயர் எங்காவது வருகிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

இப்போது எழுத்தாளரைப் பற்றிச் சொல்லலாம்

1870 இல் பர்மாவின் அக்யாப்பில் பிறந்தார், தகப்பன் அங்கே பொலிஸ் அதிகாரி. அவருக்கு இரண்டு வயதளவில் தாய் இறந்துவிட, அண்ணன், அக்காவோடு இங்கிலாந்தின் டெவன் பகுதிக்கு அனுப்பப்பட்டு, பாட்டியிடமும் கண்டிப்பான இரண்டு மாமிமாரிடமும் வளர்ந்தார். பிறகு தானும் பர்மாவில் பொலிஸ் வேலைக்குப் போய் மலேரியாக் காய்ச்சலால் திரும்பினார். 43 வயதில், கட்டாயமில்லாமல், சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்து, 1916 நவம்பரில் பிரான்சில் குறிசூட்டுக்காரனின் குண்டில் இறந்தார். இதைக் கேட்ட பிறகு மாமி மேசையும் ஓநாயும் வேறு மாதிரித் தெரியும். அவர் எழுத்தில் யூதரைப் பற்றியும் வாக்குரிமை கேட்ட பெண்களைப் பற்றியும் மோசமான கிண்டல்கள் இருப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெரிய வீட்டைக் கேலி செய்தவர் அந்த வீட்டின் வெறுப்புகள் சிலவற்றைத் தானும் வைத்திருந்தார்.

எழுதிப் பார்க்க

கூட்டத்துக்குப் பிறகு ஆட்கள் எழுத ஆசைப்படுவார்கள், எழுதட்டும். ஓநாயை இறக்குமதி செய்ய வேண்டாம். வயலுக்குள் வருகிற நரி, ஆற்று முதலை, உன்னிச்சைப் பக்கத்துக் காட்டில் எதுவோ ஒன்று, ஏன், வெறும் வெளியூர்க்கார இளைஞன் ஒருவனே போதும். அந்தப் பிறவி கதையில் ஒரே ஒரு தடவை உண்மையை அப்படியே சொல்ல வேண்டும். அதைக் கேட்டவர் மானத்துக்காக மறைக்க வேண்டும், என்ன மானம் என்பதைத் துல்லியமாகத் தீர்மானியுங்கள்: மகளின் சம்பந்தமா, கோயில் நிர்வாகசபைப் பதவியா, வெளிநாட்டில் இருக்கிற மகனின் காசா. ஊர் கடைசியில் அந்தப் பிறவிக்கே ஒரு மரியாதை செய்ய வேண்டும். உண்மையான ஆளின் பெயர் வைக்காதீர்கள், ஊர் சின்னது, எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பூசாரியையும் வேலைக்காரியையும் முட்டாளாக்கி ஆட்களைச் சிரிக்கவைக்கிற பழக்கம் எங்கள் மேடை நாடகங்களில் நிறைய இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம், கேலி மேசைத் தலைமாட்டில் இருக்கிறவர் மேல் விழட்டும். நீளம் இரண்டாயிரம் சொல்லுக்குள் இருக்கட்டும். கதையில் வருகிற ஒருவரையாவது, மாமியை சாகி எழுதிய மாதிரி, நல்ல மனசோடு எழுதுங்கள்.

மூன்று கதையும் ஒரே பின்னேரத்தில் கனமாக இருந்தால் முதல் கதையை மட்டும் எடுத்து, மற்ற இரண்டையும் அடுத்த போயாவுக்கு வைத்துக்கொள்ளலாம். படுவான்கரையில் இருந்து வருகிறவர்கள் இருந்தால் கடைசி பஸ் நேரத்தை முதலில் கேட்டுவிட்டு, பிளேன்ரீயை முடிவில் வைக்காமல் முதல் கதைக்கும் இரண்டாவது கதைக்கும் நடுவில் கொடுங்கள். அதற்குப் பிறகும் இவரை வாசிக்க ஆசை இருந்தால் 'ஸ்ரெட்னி வஷ்டார்' கதையைத் தேடுங்கள், அதில் நோயாளிச் சிறுவன் ஒருவனும் அவன் கொட்டிலில் ஒளித்து வளர்க்கிற கீரி மாதிரியான பிராணி ஒன்றும் வருகிறார்கள், அதற்கு ஒரு தனிப் பின்னேரம் வேண்டும்.